சிவப்புப் பேனாவைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

தீபாவளிக்கு உறவினர்கள் ஒரு வீட்டில் கூடும்போது கவனித்துப் பாருங்கள். யாராவது ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். தம் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றியோ, கம்பத்து வீட்டில் வெள்ளம் புகுந்த இரவைப் பற்றியோ, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் மின்தூக்கியில் ஏறப் பயந்து படியேறிய பாட்டியைப் பற்றியோ அந்தக் கதை இருக்கும். சுற்றி இருப்பவர்கள் கையிலுள்ள முறுக்கைக் கடிக்க மறந்து கேட்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், யாரைப்போலப் பேசிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவரிடமே, “இதை அப்படியே எழுதிக் கொடுங்களேன்” என்று கேட்டுப் பாருங்கள். “ஐயையோ, எனக்கு எழுதவெல்லாம் வராதுப்பா” என்பார்.

இளையர்கள் நிலையும் இதுதான். வேலைக்குப் போகும் பலருடைய கைத்தொலைபேசியில் பாதியில் நின்றுபோன மூன்று கதைகளாவது இருக்கும். முதல் வரியை எழுதுவது, அழிப்பது, மறுபடியும் எழுதுவது, மறுபடியும் அழிப்பது. அரை மணி நேரத்துக்குப் பிறகு திரை வெறுமையாகவே இருக்கும். “எனக்குக் கற்பனை வறண்டுவிட்டது” என்று முடிவு கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

உண்மையில் வறண்டுபோனது கற்பனைதானா? வாய் திறந்தால் கதை கொட்டுகிறது, பேனாவை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், கதைக்குப் பஞ்சம் இல்லை என்றுதானே பொருள்? அப்படியானால் தடை வேறெங்கோ இருக்கிறது.

தடையாக நிற்கும் விதிகள்

எழுத்தாளர்களுக்கு வரும் இந்த முடக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்று பெயர். 1940களில் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆழ்மனத்துச் சிக்கல்களே காரணம் என்பது அவருடைய கருத்து. பின்னால் வந்தவர்கள் அவ்வளவு ஆழத்துக்குப் போகாமல், எழுத உட்காரும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரோஸ். கலிஃபோர்னியாவில் 10 பல்கலைக்கழக மாணவர்களை அவர் ஆராய்ந்து 1980ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்துப் பேரில் ஐந்து பேர் எழுத முடியாமல் திணறியவர்கள், மற்ற ஐந்து பேர் தடையில்லாமல் எழுதியவர்கள். இரு தரப்புக்கும் இடையே அவர் கண்ட முக்கிய வேறுபாடு, எழுத்து விதிகளை அவர்கள் கையாண்ட முறை. திணறியவர்கள் விதிகளை இரும்புச் சட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையே இலக்கணப் பிழையில்லாமல் அமைய வேண்டும் என்று நம்பிய ஒரு மாணவி, முதல் வாக்கியத்தைத் தாண்டவே பாடுபட்டார். முதல் பத்தியே படிப்பவரைக் கட்டிப்போட வேண்டும் என்று நம்பிய இன்னொருவர், அந்தப் பத்தியிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டார். தடையில்லாமல் எழுதியவர்களுக்கும் விதிகள் தெரியும். ஆனால், ஒரு விதி உதவவில்லை என்றால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தமிழில் ஒரு வரி எழுத உட்காரும் சிங்கப்பூர் இளையர் மனத்தில் எத்தனை விதிகள் வரிசையில் நிற்கின்றன! இங்கே ஒற்று மிகுமா, மிகாதா? இது எந்த ‘ர’, எந்த ‘ல’? ‘லிஃப்ட்’ என்று எழுதலாமா, ‘மின்தூக்கி’ என்றுதான் எழுத வேண்டுமா? ‘வந்தாங்க’ என்று எழுதினால் கொச்சை என்பார்களோ? போதாக்குறைக்கு, கட்டுரை என்றால் கதிரவன் பொன்னிறக் கதிர்களைப் பரப்பியே ஆக வேண்டும் என்ற தொடக்கப்பள்ளிப் பழக்கம் வேறு.

இவை எல்லாமே ஒருவகையில் தேவையான கேள்விகள்தான். சிக்கல் என்னவென்றால், அவை தவறான நேரத்தில் வருகின்றன. ஒரே நாற்காலியில் எழுதுபவரும் தேர்வாளரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுபவர் மூன்று சொல் எழுதுவதற்குள் தேர்வாளர் சிவப்புப் பேனாவை நீட்டிவிடுகிறார். அந்த இடத்தில்தான் கை நின்றுபோகிறது.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு கூடுதல் சுமையும் உண்டு. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் இன்னொன்று. தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் இந்த இடைவெளி உண்டு. ஆனால் அங்கே கடைப்பலகை, பேருந்து, சுவரொட்டி என்று எழுத்துத் தமிழ் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இங்கே பலருக்குத் தமிழ் எழுத்து என்றாலே பள்ளிப் பாடநூலும் தேர்வுத்தாளும்தான் நினைவுக்கு வருகின்றன. பள்ளியை விட்டு வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். தமிழில் எழுத உட்கார்ந்ததும் தேர்வறைக்குள் நுழைந்ததுபோல் கை வியர்க்கும்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1963ல் சிங்கப்பூரில் வறட்சி காரணமாகத் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுவரை அது நீடித்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேரப்பிள்ளை கேட்டால் ஒரு பாட்டி இப்படிச் சொல்லக்கூடும்:

“அப்பெல்லாம் தண்ணி எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்போம்மா. வந்துச்சுன்னா, இருக்கற சட்டி பானை எல்லாத்துலயும் புடிச்சு வெச்சுக்குவோம். ஒங்க தாத்தா குளிக்கற தண்ணிய நான் வீணாக்க விடமாட்டேன், செடிக்கு ஊத்திருவேன்.”

இதையே பேத்தி கட்டுரையாக எழுதும்போது என்ன ஆகிறது? “அக்காலத்தில் நீர்ப் பற்றாக்குறை நிலவியமையால் மக்கள் பல இன்னல்களுக்கு ஆளாயினர். அவர்கள் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினர்.” பிழை ஏதும் இல்லை. ஆனால் பாட்டி காணாமல் போய்விட்டார். சட்டி பானையும் தாத்தாவும் செடியும் போய்விட்டன. இப்படி இரண்டு வரி எழுதியதும் மூன்றாவது வரி வராமல் போவதில் வியப்பில்லை. கதையைத் தூக்கி நிறுத்திய ஆளையே வெளியே அனுப்பிவிட்டோமே!

நடுவழி ஒன்று இருக்கிறது. “தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் பாட்டி. வந்துவிட்டால் வீட்டிலுள்ள சட்டி பானை அத்தனையிலும் பிடித்து வைப்பார்களாம். தாத்தா குளித்த தண்ணீரைக்கூடப் பாட்டி செடிக்கு ஊற்றிவிடுவார்.” இதுவும் நல்ல எழுத்துத் தமிழ்தான். பேச்சிலிருந்து இங்கே வருவது எளிது. பாடநூல் நடையிலிருந்து இங்கே இறங்கி வருவதுதான் கடினம். ஆகவே முதல் வரைவைப் பேச்சிலேயே எழுதிவிடுங்கள்.

இதைத் தமிழுக்கு இழுக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. 1887ல் சி.கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அதில் 1888ல் வெளிவந்த ‘வினோத சம்பாஷணை’ என்ற படைப்பை இங்குள்ள தமிழ்ப் புனைகதையின் தொடக்கமாக எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அடையாளம் காட்டினார். பெயரே சொல்கிறது, அது ஓர் உரையாடல். இந்தத் தீவின் தமிழ்க் கதை மரபே பேச்சிலிருந்து கிளம்பியதுதான். பள்ளித் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவும் 2005ல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பத்து நிமிடம், நிறுத்தக் கூடாது

பேச்சில் எழுதுவது என்று முடிவு செய்த பிறகும் தேர்வாளர் அவ்வளவு எளிதில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவரை வெளியே அனுப்ப ஒரு பயிற்சி உண்டு. பீட்டர் எல்போ என்ற பேராசிரியர் 1973ல் வெளியிட்ட நூல் ஒன்றின் மூலம் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கை நிற்கக் கூடாது. திரும்பிப் படிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, சொல் தேடக் கூடாது. சொல் கிடைக்காவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். ஒன்றுமே தோன்றாவிட்டால், “ஒன்றுமே தோன்றவில்லை” என்றே எழுதிக்கொண்டிருக்கலாம்.

இப்படி எழுதியதில் பெரும்பகுதி குப்பையாக இருக்கும். இருக்கட்டும். அதற்குள் இரண்டு வரி உங்களுடைய சொந்தக் குரலில் இருக்கும். அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தப் பயிற்சி.

தமிழில் தட்டச்சு செய்வது மெதுவாக இருக்கிறது என்பவர்களுக்குக் கைத்தொலைபேசியே துணை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவது அன்று புதுமை, இன்று அன்றாடம். இப்போது பல தொலைபேசிகள் பேசினாலே தமிழில் எழுதித் தருகின்றன. அதில் பிழைகள் வரும். முதல் வரைவுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. மாலையில் கீழ்த்தளத்தில் நடக்கும்போது ஒரு நண்பரிடம் சொல்வதுபோல் கதையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுங்கள். வெறும் திரையைப் பார்த்து உட்கார வேண்டிய நிலையே வராது.

நேரம் எங்கே இருக்கிறது?

“வேலை முடிந்து வீடு திரும்பவே எட்டு மணி ஆகிறது. எழுதும் மனநிலை எங்கே வரும்?” நியாயமான கேள்வி. உடல் களைத்திருக்கும் நாளிலோ வீட்டில் துக்கம் இருக்கும் நாளிலோ எழுத்து வராவிட்டால் அதை முடக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாள்களில் தேவைப்படுவது ஓய்வு. ஆனால் மனநிலைக்காகக் காத்திருப்பதே வழக்கமாகிவிட்டால் அது வேறு.

ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 27 கல்லூரி ஆசிரியர்கள் பங்கேற்ற அவருடைய ஆய்வு 1983ல் வெளியானது. ஒரு பிரிவினர் அவசர வேலையைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இன்னொரு பிரிவினர் எழுதத் தோன்றும்போது மட்டும் எழுதலாம். மூன்றாம் பிரிவினர் குறித்த நாளில், குறித்த அளவு எழுதியே ஆக வேண்டும். தவறினால், அவர்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு அவர்களுடைய பணம் நன்கொடையாகப் போய்விடும்! எதிர்பார்த்தபடி, மூன்றாம் பிரிவினரே அதிகப் பக்கங்கள் எழுதினார்கள். எதிர்பாராதது என்னவென்றால், புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் தோன்றின. உந்துதல் வந்த பிறகு எழுதலாம் என்று நாம் நினைக்கிறோம். எழுத உட்கார்ந்த பிறகே உந்துதல் வந்திருக்கிறது.

வேலையையும் எழுத்தையும் ஒன்றாக இழுத்தவர்களுக்கு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் நல்ல எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அஞ்சல்துறையில் முழுநேர அதிகாரியாக இருந்தவர். காலை 5.30 மணிக்கு எழுதும் மேசைக்கு வந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே பணியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் என்று கணக்காக எழுதினார். வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதி முடித்தார்.

நமக்கு அத்தனை வேண்டாம். தமிழில் 15 நிமிடத்தில் 100 சொற்கள் எழுதினால் போதும். வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் 500. மூன்று வாரத்தில் 1,500 சொற்கள். அது ஒரு சிறுகதையின் முதல் வரைவு. ஜூரோங்கிலிருந்து நகருக்குப் பெருவிரைவு ரயிலில் வருபவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் கையிலேயே இருக்கிறது. பிள்ளை துணைப்பாட வகுப்பு முடிந்து வரும்வரை கீழே காத்திருக்கும் பெற்றோருக்கும் இருக்கிறது.

இதில் ஒரு சிறு உத்தி உதவும். எழுதுவதெல்லாம் தீர்ந்துபோகும்வரை எழுதாதீர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவதுதான் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் வழக்கம். 1958ல் வெளியான நேர்காணல் ஒன்றில் அதை அவர் விளக்கியிருக்கிறார். கதவைத் திறக்கப் போகிறாள் என்ற இடத்தில் இன்று நிறுத்தினால், நாளை கதவைத் திறந்து தொடங்கலாம்.

சிவப்புப் பேனாவுக்கும் ஒரு நாள்

பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சுக்குப் போகும் தமிழ் திருத்தமாக இருக்க வேண்டும். கேள்வி, எப்போது திருத்துவது என்பதுதான். வரைவு முடிந்து இரண்டு நாள் கழித்துச் சிவப்புப் பேனாவை எடுங்கள். அன்று எழுதுபவருக்கு விடுமுறை, தேர்வாளருக்கு முழு நாற்காலி.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் கோணலாக இருக்கும். யாரும் பேசாத சொல் ஏதாவது நுழைந்திருந்தால் காது கண்டுபிடித்துவிடும். அதன்பிறகு எழுத்துப்பிழை, கடைசியாக ஒற்று. ஒற்றில் குழப்பம் தீரவில்லை என்றால், தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒற்றுப் பிழையைத் திருத்த ஆள் கிடைப்பார். எழுதப்படாத கதையைத் திருத்த யாராலும் முடியாது.

யார் படிப்பார்கள்?

இவ்வளவு செய்த பிறகும் ஒரு சோர்வு மிஞ்சும். “தமிழில் எழுதி இங்கே யார் படிக்கப் போகிறார்கள்?” எழுத்தைப் பாதியில் நிறுத்துவதில் இந்தக் கேள்விக்கும் பெரிய பங்கு உண்டு.

நமக்கு முன்னிருந்தவர்கள் இதற்குச் செய்த மாற்று கவனிக்கத்தக்கது. அவர்கள் வாசகர் கூட்டம் தானாகத் திரளட்டும் என்று காத்திருக்கவில்லை, எழுதுகிறவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். அதில் பழகியவர்கள் பலர் மலாயாவின் சிறுகதைக்கு அடித்தளம் இட்டார்கள். அதே பத்தாண்டில் சிங்கப்பூரில் தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாக மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். பள்ளிப் பிள்ளைகளின் எழுத்து அச்சில் வந்தது. பெயரை நாளிதழில் பார்த்த பிள்ளை அடுத்ததை எழுதாமல் இருக்குமா?

அந்த வாசல்கள் இன்றும் வேறு வடிவில் திறந்தே இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் ‘கதைக்களம்’ நடத்துகிறது. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுப் போட்டி 1993லிருந்து நான்கு மொழிகளிலும் புதிய எழுத்தாளர்களைத் தேடி வருகிறது. மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘பேரவைக் கதைகள்’ போட்டி ஒரு தலைமுறையையே எழுத வைத்தது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, போட்டி உங்களுக்கு இரண்டு பொருள்களைக் கட்டாயம் கொடுக்கும்: ஒரு கடைசித் தேதி, உங்களைப் படிக்கப் போகும் குறைந்தது ஒருவர்.

போட்டியெல்லாம் வேண்டாம் என்பவர்கள் மூன்று நண்பர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். ஞாயிறு இரவுக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் அனுப்ப வேண்டும். முதல் இரண்டு மாதம் யாரும் பிழை சுட்டிக்காட்டக் கூடாது. பிடித்த வரியை மட்டும் சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வீட்டில் பிள்ளை தமிழில் நான்கு வரி எழுதிக்கொண்டு வந்து காட்டினால் நம் கண் முதலில் எங்கே போகிறது? “இங்க பாரு, ‘பள்ளி’க்கு எந்த ‘ள்’ போட்டிருக்கே?” அக்கறையில்தான் கேட்கிறோம். பிள்ளைக்குப் புரிவது வேறு: அம்மாவுக்குக் கதை முக்கியமில்லை, பிழைதான் முக்கியம். அடுத்த முறை எழுதும்போது, பிழை வராத சொற்களை மட்டும் பொறுக்கி எழுதும். தெரிந்த பத்துச் சொற்களுக்குள் அதன் உலகம் சுருங்கிவிடும்.

மாறாக, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளை இன்னும் நான்கு வரி சொல்லும். சொன்னதை எழுதச் சொல்லுங்கள். ‘ள்’ எங்கும் ஓடிவிடாது, நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

கடற்படைத் தளத்தின் வாசலையும் கம்பத்துக் கிணற்றடியையும் தண்ணீர்ப் பங்கீட்டையும் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வைக்க வெளியிலிருந்து யாரும் வரப் போவதில்லை. இந்த வார இறுதியில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை ரயிலில் அதைக் கேட்டுக்கொண்டே, அவர்கள் சொன்ன முதல் வாக்கியத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஒற்றைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.